ஏழாம் எண் பெட்டியும் இரண்டடி நிலமும்

ஒரு விடுகதை போடுகிறேன். விடை சொல்லுங்கள்.

கதவு பன்னிரண்டு, உள்ளே நுழைய முடியாது. மெத்தை பதினொன்று, உட்கார ஆளில்லை. சக்கரம் எட்டு, சமையலறை மேசையை விட்டு ஆறு மாதமாக நகரவில்லை. அது என்ன?

ரயில் பெட்டி என்று சொன்னவர்களுக்குப் பாதி மதிப்பெண். லெனர்ட் குரோப்பர் செய்த ரயில் பெட்டி என்று சொன்னவர்களுக்கு முழு மதிப்பெண். ஆனால் அப்படிச் சொன்னவர்கள் இங்கிலாந்தில், மேட்லாக் ஊரில், அவருடைய மேட்டுத் தெருவில் குடியிருப்பவர்களாகத்தான் இருக்க வேண்டும். அதனால் அவர்களைப் போட்டியில் சேர்த்துக்கொள்வதற்கில்லை.

லெனர்ட் முப்பத்தெட்டு வருடம் பஸ் கம்பெனியில் நேர அட்டவணை போட்டவர். ஓய்வு பெற்ற மறு வாரமே வீட்டுக்குப் பின்னால், தோட்டத்தில், செங்கல் வரிசை கட்டி அதன்மேல் தண்டவாளம் போட்டார். தாமதமாக வந்தால் புகார்க் கடிதம் எழுத யாருமில்லாத ஒரு போக்குவரத்தை நடத்திப் பார்க்க வேண்டும் என்பது அவருடைய நெடுநாள் ஆசை. இஞ்சின் ஒவ்வொன்றும் ஒரு ரொட்டி அளவுதான் இருக்கும். ஆனால் நிஜமாகவே நெருப்பு எரியும், தண்ணீர் கொதிக்கும், ஊதும், சமயத்தில் விரலையும் சுடும்.

அது ஏதோ ஒரு பொம்மை ரயில் என்று நினைத்துவிடக் கூடாது. ஓக்கர்டேல் பள்ளத்தாக்கில் ஒரு காலத்தில் ஆறு மைல் தூரம் ஓடி, பிறகு நின்றுபோன குறுகிய பாதை ரயிலின் அச்சு அசல் அது. அதுவும் 1912ஆம் வருடம் எப்படி இருந்ததோ அப்படி. 1912இல் இல்லாத ஓர் ஆணிகூடத் தன் தோட்டத்தில் இருக்கக் கூடாது என்பது லெனர்ட்டின் சட்டம். தன் தோட்டத்தோடு அவர் நின்றிருந்தால் பரவாயில்லை. மற்றவர்கள் தோட்டத்திலும் போய் அந்தச் சட்டத்தை அமல்படுத்துவார்.

அந்த வட்டாரத்தில் தோட்ட ரயில் வைத்திருப்பவர்கள் ஏழு பேர் ஒரு சங்கமாகச் சேர்ந்திருந்தார்கள். சங்கத்துக்குத் தலைவர் மால்கம் ட்விக் என்ற ஓய்வுபெற்ற பல் மருத்துவர். ஒருமுறை ட்விக் தான் செய்த, ரயிலின் கடைசியில் கார்டு ஏறும் பெட்டியைப் பெருமையாகக் கொண்டுவந்து காட்டினார். அதன் படிக்கட்டு 1907ஐச் சேர்ந்தது, விளக்கு 1913ஐச் சேர்ந்தது, இரண்டும் ஒன்றையொன்று சந்தித்திருக்கவே முடியாது என்று லெனர்ட் எல்லார் முன்னாலும் சொல்லிவிட்டார். ட்விக் பெட்டியைத் துணியில் சுற்றிக்கொண்டார். வீட்டுக்குப் போய் விளக்கைப் பிடுங்கினார். பல்லைப் பிடுங்கிப் பழகியவர் என்றாலும் அன்று மூன்று முறை இழுக்க வேண்டியிருந்தது என்று அவர் மனைவி பிறகு சொன்னாள்.

இப்போது மூலைக்கு வருவோம். கதையே அந்த மூலையில்தான் இருக்கிறது.

தோட்டத்தின் கோடியில் தண்டவாளம் சுவரோரமாக வந்து சட்டென்று திரும்பும். அந்தத் திருப்பத்துக்கு உட்பக்கம், கருங்கல் விளிம்பு கட்டிய சின்னப் பாத்தியில், லெனர்ட்டின் மனைவி ஹில்டா வளர்த்த பியோனிச் செடி நின்றது. ஜூன் மாதத்தில் இரண்டே வாரம் பூக்கும். பூத்தால் ஒவ்வொரு பூவும் சூப் தட்டு அகலம், ரத்தச் சிவப்பு. மீதி ஐம்பது வாரமும் சும்மா நிற்கும். லெனர்ட்டைக் கேட்டால், ஐம்பது வாரம் விடுப்பு எடுக்கும் ஊழியரைப் பஸ் கம்பெனியில் ஒரு நாளும் வைத்திருக்க மாட்டார்கள் என்பார்.

அந்தத் திருப்பம் ரொம்பவும் குறுகல். குட்டைப் பெட்டிகள் மட்டும்தான் அதில் திரும்பும். உன் பாதையில் ட்ராம் வண்டிதான் ஓட்டலாம் என்று சங்கத்தில் கேலி செய்தார்கள். இரண்டடி நிலம் கிடைத்தால் வளைவைத் தளர்த்திவிடலாம். ஆனால் அந்த இரண்டடியில்தான் பியோனி நின்றது. பியோனிக்கு ஒரு குணம் உண்டு. இடம் மாற்றி வைத்தால் கோபித்துக்கொண்டு மூன்று வருடம் பூக்காது. கொஞ்சம் ரோஷக்காரச் செடியாக இருந்தால் ஐந்து வருடம்.

லெனர்ட் மூன்று முறை கேட்டுப் பார்த்தார். முதல் முறை ஹில்டாவின் பிறந்தநாளன்று கேட்டார், அது தப்பு. இரண்டாம் முறை செடி பூத்திருந்தபோது கேட்டார். அது பெரிய தப்பு. மூன்றாம் முறை கேட்டபோது அவள் ஒரே மூச்சில் முடித்துவிட்டாள்.

"செடி பத்தொன்பது வருஷமா அங்க நிக்குது லென். உன் தண்டவாளம் வந்து நாலு வருஷம். வரிசையில யாரு முன்னால நின்னாங்களோ அவங்களுக்குத்தான் இடம். பஸ் கம்பெனில இருந்தவன் நீ, உனக்கு நான் சொல்லணுமா?"

அக்டோபர் மாதத்தில் ஒரு மாலை, ஹில்டா கழுவிக் கொடுத்த தட்டுகளைத் துடைத்துக்கொண்டிருந்தபோது லெனர்ட்டுக்கு ஞானம் பிறந்தது. மனுஷன் கேட்டால்தானே மறுக்கிறாள்? ஒரு ரயில் பெட்டி கேட்டால் எப்படி மறுப்பாள்?

திட்டம் இதுதான். அந்த மூலையில் திரும்ப முடியாத அளவுக்கு நீளமான ஒரு பெட்டி செய்வது. பார்த்தவர்கள் கண்ணில் ஒற்றிக்கொள்ளும்படி அழகாகச் செய்வது. அந்த வேலையில் ஹில்டாவையும் மெல்ல மெல்ல இழுத்துவிடுவது. குளிர்காலம் முழுக்க அவள் கையும் பட்டு உருவான பெட்டி, கடைசியில் அந்தக் கல்லில் முட்டிக்கொண்டு நிற்கும். அதைப் பார்த்து அவள் மனம் உருகும். "செடியை எடுத்துடு லென்" என்று அவளே சொல்லிவிடுவாள். அவர் இரண்டு முறை வேண்டாம் என்று மறுத்துவிட்டு, மூன்றாம் முறை ஒப்புக்கொள்வார்.

நீளமான பெட்டி ஏன் முட்டும் என்று கேட்பவர்கள், ஒரு வளையலைத் தரையில் வைத்து அதன்மேல் ஈர்க்குச்சி ஒன்றைக் கிடத்திப் பாருங்கள். குச்சியின் இரண்டு நுனியும் வளையலைத் தொட்டுக்கொண்டிருக்கும். நடுப்பகுதி உள்ளே தள்ளி நிற்கும். வளைவில் போகும் பெட்டியின் வயிறும் அப்படித்தான் உட்பக்கம் பிதுங்கும். பெட்டி நீள நீள, பிதுங்கலும் கூடும். லெனர்ட் காகிதமும் பென்சிலும் எடுத்து, சரியாக ஒன்பது மில்லிமீட்டர் முட்டும் என்று கண்டுபிடித்தார். பெட்டி முட்டாமல் இருக்க ஊரெல்லாம் கணக்குப் போடும். முட்டுவதற்காகக் கணக்குப் போட்டவர் அவர் ஒருவர்தான்.

ஹில்டா செவ்வாய்க்கிழமைதோறும் ஆவணக் காப்பகத்துக்குப் போய், சம்பளமில்லாமல், பழைய காகிதங்களைப் பிரித்துப் பட்டியல் எழுதிக் கொடுத்துவந்தாள். ஓக்கர்டேல் ரயில் கம்பெனியின் காகிதங்களும் அங்கேதான் மூட்டை மூட்டையாக இருந்தன.

"ஏழாம் எண் பெட்டின்னு ஒண்ணு, வாத்தே" என்று லெனர்ட் ஆரம்பித்தார். அந்தப் பக்கத்தில் பாசம் வந்தால் பெண்டாட்டியையும் வாத்தே என்பார்கள், பால்காரரையும் வாத்தே என்பார்கள். "அதோட வரைபடம் உங்க காப்பகத்துல இருக்குமா?"

"இருக்கும். எதுக்கு அதைப் போய்க் கேக்கற?"

"ஓக்கர்டேல்ல ஓடினதுலயே நீளமான பெட்டி அதுதான்."

ஹில்டா கண்ணாடிக்கு மேலாக அவரைப் பார்த்தாள். "ஓ. நீளமானது." பிறகு கையைத் துடைத்துக்கொண்டு கேட்டாள்: "அந்தக் கட்டுல வேற காகிதமும் இருக்கும். எல்லாத்தையும் நகல் எடுத்துட்டு வரவா, படம் மட்டும் போதுமா?"

"படம் மட்டும் போதும்" என்றார் லெனர்ட்.

செவ்வாய்க்கிழமை படம் வந்தது. ஆறு அறைகள். அதில் ஐந்து சாதாரண அறைகள். ஒவ்வொன்றிலும் எதிரெதிராக இரண்டு இருக்கை. ஆறாவது, கடைசி முனையில், முதல் வகுப்பு. அதில் ஒரே இருக்கைதான். அதற்கு எதிரே, சுவர் இருக்க வேண்டிய இடத்தில் மூன்று பெரிய ஜன்னல்கள். அங்கே உட்கார்ந்தால் பள்ளத்தாக்கு முழுவதையும் பார்த்துக்கொண்டே போகலாம். லெனர்ட் படத்தைப் பார்த்துக்கொண்டு இரண்டு கோப்பைத் தேநீரை ஆறவிட்டார்.

வேலை சமையலறை மேசையில் தொடங்கியது. கொட்டகையில் குளிர் அதிகம், பசை உலராது என்றார். மெல்லிய பிர்ச் மர ஒட்டுப்பலகையில் பக்கச் சுவர்களை வெட்டினார். நாற்பத்திரண்டு ஜன்னல்களை ரம்பத்தில் அறுத்து, நகம் தேய்க்கும் அரத்தால் மூலைகளை உருட்டினார். அந்த அரம் ஹில்டாவுடையது. கதவுக் கைப்பிடிகளைக் குண்டூசியின் தலையிலிருந்து ராவி எடுத்தார். இருபத்து நான்கு கீல். கூரைக்குப் பழைய கைக்குட்டையை நனைத்து ஒட்டி, அதன்மேல் சாம்பல் வண்ணம் பூசினார். டிசம்பருக்குள் மேசை முழுதும் பெட்டிக்குப் போய்விட்டது. குரோப்பர் தம்பதி தட்டை மடியில் வைத்துச் சாப்பிட்டார்கள். கிறிஸ்துமஸ் வான்கோழியை வைக்க இடமில்லாமல் இஸ்திரிப் பலகையை விரித்தார்கள். ஒருநாள் லெனர்ட்டின் ஸ்வெட்டர் கை பெட்டியோடு ஒட்டிக்கொண்டது. பெட்டியைத் தொடாமல் ஸ்வெட்டரைக் கத்தரித்தார்.

ஹில்டாவை இழுத்துவிடுவதுதான் கஷ்டமாக இருக்கும் என்று அவர் நினைத்திருந்தார். இழுக்கவே தேவைப்படவில்லை. சாமான் வைக்கும் வலைக்கு என்ன செய்வது என்று அவர் பெருமூச்சு விட்ட அன்றே, அவள் தன் கூந்தல் வலையைக் கொண்டுவந்து வெட்டிக் கொடுத்தாள். மெத்தைகளைத் தானே தைக்கிறேன் என்றாள். ஒவ்வொன்றும் தீப்பெட்டி அளவு, நீலத் துணி, நடுநடுவே பொத்தான். முதல் வகுப்புக்கு மட்டும் சிவப்பு வெல்வெட்டு.

வண்ணம் பூசும் வேளை வந்தபோது லெனர்ட் தயங்கினார். ஏழாம் எண் பெட்டிக்கு உலகத்திலேயே ஒரே ஒரு புகைப்படம்தான் உண்டு, 1906இல் எடுத்தது. அதில் பெட்டி பழுப்பும் வெண்ணெய் நிறமுமாக இருந்தது. அதற்குப் பிறகு அந்தப் பெட்டி என்ன ஆயிற்று என்று எந்தப் புத்தகமும் சொல்லவில்லை. 1912இல் கம்பெனிக்கு ஒரு புது மேலாளர் வந்து இஞ்சின், பெட்டி எல்லாவற்றுக்கும் பச்சை அடித்தார். லெனர்ட்டின் மற்ற வண்டிகளெல்லாம் பச்சைதான். பழுப்பா, பச்சையா? ஹில்டாவைக் கேட்டார்.

அவள் ஊசியில் நூலைக் கோத்துக்கொண்டே, பச்சைதான் எடுப்பாக இருக்கும், மற்றவற்றோடும் சேரும் என்றாள். யோசிக்கக்கூட இல்லை. பச்சையே அடித்தார். ஆறு பூச்சு. அதன்மேல் தங்கக் கோடு போட மூன்று வாரம். கோடு போடும்போது மூச்சை அடக்கிக்கொள்வார். கோடு முடிந்த பிறகு சில சமயம் மூச்சு விட மறந்துவிடுவார். "லென், மூச்சு" என்று ஹில்டா அடுப்படியிலிருந்து ஞாபகப்படுத்துவாள்.

பிப்ரவரியில் ஒருநாள், எட்டாவது மெத்தையைத் தைக்கும்போது ஹில்டாவுக்கு விரலில் ஊசி ஏறிவிட்டது. அவள் விரலை வாயில் வைத்துச் சப்பிவிட்டு, மறுபடி தைக்க ஆரம்பித்தாள். லெனர்ட்டுக்கு நெஞ்சில் எங்கோ குத்தியது. நம்மை நம்பி இப்படி உழைக்கிறாளே, இவளையா ஏமாற்றுகிறோம் என்று தோன்றியது. தூரிகையைக் கீழே வைத்தார்.

"ஹில்டா, உன்கிட்ட ஒண்ணு சொல்லணும்."

"சொல்லு."

அவள் நிமிர்ந்து அவர் முகத்தைப் பார்த்தாள். பார்த்துக்கொண்டே இருந்தாள். அவர் பார்வை அவள் மடியில் இருந்த மெத்தைக்கு நழுவியது.

"அந்தப் பொத்தான்... இன்னும் கொஞ்சம் சின்னதா இருந்தா நல்லாருக்கும்" என்றார்.

அவள் கத்தரியை எடுத்தாள். பிறகு எட்டு மெத்தையின் பொத்தான்களையும் பிரித்துச் சின்னதாக வைத்துத் தைத்தாள்.

மே மாதம் முதல் ஞாயிற்றுக்கிழமை பெட்டி முடிந்தது. லெனர்ட் குளியலறைக் கண்ணாடி முன்னால் நின்று, ஏமாந்துபோன முகம் ஒன்றைப் பலமுறை ஒத்திகை பார்த்தார். அதிர்ச்சி முதலில், துக்கம் பிறகு, பெருந்தன்மை கடைசியில். பிறகு ஹில்டாவைத் தோட்டத்துக்கு அழைத்துப் போனார்.

பெட்டி தண்டவாளத்தில் ஏறியதும் ஹில்டா குனிந்து பார்த்தாள். வெயில் தங்கக் கோட்டில் பட்டது. சின்னக் கண்ணாடிகளுக்குள்ளே நீல மெத்தைகள் தெரிந்தன. இஞ்சின் ஊதியது, இழுத்தது. சுவரோரமாக வந்தது. மூலையில் திரும்பியது. கருங்கல்லில் பெட்டியின் வயிறு மெத்தென்று முட்டியது. ரயில் நின்றுவிட்டது.

லெனர்ட் அதிர்ச்சியைக் காட்டினார். துக்கத்தைக் காட்டினார். ஆறு மாத உழைப்பு, என்ன விதி, யாரைக் குறை சொல்ல என்று கொஞ்சநேரம் பேசினார். நன்றாகத்தான் பேசினார்.

"பாவம்" என்றாள் ஹில்டா. "எவ்வளவு முட்டுது?"

"ஒன்பது மில்லிமீட்டர்."

"அளக்காமலே சொல்லிட்டியே. கண்ணு இன்னும் நல்லாத்தான் இருக்கு உனக்கு."

லெனர்ட் அவசரமாகச் சட்டைப் பையில் அளவுகோலைத் தேடினார். அவள் அதைக் கவனித்த மாதிரி காட்டிக்கொள்ளவில்லை. ஒரு பக்கம் செடி, ஒரு பக்கம் பெட்டி என்றாள். செடிக்காரியும் பெட்டிக்காரனும் தீர்ப்பு சொன்னால் நன்றாக இருக்காது. ட்விக்கைத் தேநீருக்குக் கூப்பிட்டு, அவர் சொல்வதைக் கேட்டுக்கொள்ளலாமா என்று கேட்டாள்.

லெனர்ட்டுக்குத் தன் காதையே நம்ப முடியவில்லை. ட்விக் பிறவி ரயில்காரர். பூச்செடிக்குச் சாதகமாக அவர் தீர்ப்புச் சொல்வாரா? மனைவி மனம் மாறுவதற்குள் ஓடிப்போய்த் தொலைபேசியை எடுத்தார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை ட்விக் வந்தார். ஹில்டா பேக்வெல் புட்டிங் என்னும் பாதாம் பலகாரம் செய்திருந்தாள். ட்விக் அதைத் தொடாமல், உருப்பெருக்கிக் கண்ணாடியை எடுத்துக்கொண்டு பெட்டியின் முன்னால் உட்கார்ந்தார். விளக்கு விவகாரம் அவருக்கு மறக்கவில்லை. கீல்களை எண்ணினார். படிக்கட்டைப் பார்த்தார். மண்டியிட்டு அடியில் பார்த்தார். அரை மணிநேரம் தேடியும் ஒரு தப்பும் கிடைக்கவில்லை. எழுந்தபோது அவர் முகம் வாடியிருந்தது.

"இதை மாதிரி ஒரு பெட்டியை நான் பார்த்ததில்ல, லென்" என்றார். சொல்ல மனமில்லாமல் சொன்னாலும், நேர்மையாகச் சொன்னார். "இது அந்த மூலையில திரும்பத்தான் வேணும்."

லெனர்ட் பெருந்தன்மை முகத்தைத் தயார் செய்துகொண்டார். அந்தச் சமயத்தில்தான் ஹில்டா மேசை இழுப்பறையிலிருந்து ஒரு பழுப்பு உறையை எடுத்து, ட்விக்கின் புட்டிங் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தாள். தீர்ப்புக்கு முன்னால் இதையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள் என்றாள்.

அது ஓக்கர்டேல் ரயில் கம்பெனியின் கடிதம் ஒன்றின் நகல். தேதி, 1909 ஏப்ரல். ட்விக் மூக்குக் கண்ணாடியை மாற்றிக்கொண்டு உரக்கப் படித்தார்.

"ஏழாம் எண் பெட்டி நீளம் மிகுந்திருப்பதால் கீழ்ப்பாலம் வளைவில் சுவரில் உரசுகிறது. வளைவைத் தளர்த்த இரண்டு கஜம் நிலம் தேவை. ஆனால் நிலத்தின் உரிமையாளரான மிஸ் தியோடோரா பின்னிங், தமது பூந்தோட்டத்தில் ஓர் அங்குலமும் தர இயலாதெனத் தெரிவித்துவிட்டார். ஆகவே பெட்டியின் முதல் வகுப்பு அறையை அறுத்து நீக்கி, ஐந்து அறைகளோடு ஓட்டுவதென இயக்குநர் குழு தீர்மானித்தது."

ட்விக் தேதியை இன்னொரு முறை பார்த்தார்.

"1909" என்றார் ட்விக். அவர் முகத்தில் வாட்டம் போய், மெல்ல வெளிச்சம் வந்துகொண்டிருந்தது. "பச்சை எப்ப வந்தது, லென்? எனக்கு மறந்துபோச்சு."

"1912" என்றார் லெனர்ட். அவருக்கே கேட்காத குரல்.

"அப்படின்னா ஆறு அறையோட, பச்சை நிறத்துல, ஏழாம் எண் பெட்டி..."

முடிக்காமல் விட்டார். முடிக்க வேண்டியதும் இல்லை. அப்படி ஒரு பெட்டி உலகத்தில் ஒருநாளும் ஓடியதில்லை. படிக்கட்டும் விளக்கும் மாதிரி, ஆறாவது அறையும் பச்சை நிறமும் ஒன்றையொன்று சந்தித்ததே இல்லை.

தப்பிக்க வழி இருக்கிறதா என்று லெனர்ட் பார்த்தார். பெட்டிக்குப் பழுப்பு அடிக்கலாம். ஆனால் ஆறு அறைப் பழுப்புப் பெட்டியை இழுக்க 1909க்கு முந்தின பழுப்பு இஞ்சின் வேண்டும். அவருடைய இரண்டு இஞ்சினும் 1911இல் பிறந்தவை. பியோனியைப் பிடுங்கலாம். ஆனால் 1909இல் கம்பெனி மிஸ் பின்னிங்கின் பூந்தோட்டத்தைத் தொடவில்லை என்று கையெழுத்தோடு சான்று இருக்கிறது. நாலு வருடமாக அவர் போட்ட சட்டங்களெல்லாம் சேர்ந்து அவரைச் சுற்றி நின்றன.

"இது உனக்கு எப்ப கிடைச்சது?" என்று ஹில்டாவைக் கேட்டார்.

"அக்டோபர்ல. படத்துக்கு அடுத்த தாள்."

"அப்பவே ஏன் குடுக்கல?"

"படம் மட்டும் போதும்னு சொன்னியே."

ட்விக் இரண்டாவது துண்டு புட்டிங் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். அவர் பெரிய மனது உள்ளவர். விளக்கைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. வாசலில் கோட்டு மாட்டும்போது மட்டும், அறுக்க மெல்லிய ரம்பம் வேண்டுமானால் தன்னிடம் பல் வேலைக்கு வைத்திருந்தது ஒன்று இருக்கிறது, இரவல் தருவதாகச் சொன்னார்.

அந்த ரம்பம் வந்து ஒரு வாரம் அலமாரியில் கிடந்தது. எட்டாம் நாள் காலை, லெனர்ட் பெட்டியைச் சமையலறை மேசையில் கிடத்தினார். ஹில்டா எதிர்ப்பக்கம் உட்கார்ந்து இரண்டு கையாலும் அதைப் பிடித்துக்கொண்டாள். ரம்பம் பச்சை வண்ணத்தில் முதல் கீறல் போட்டபோது அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"நீ ஏன் அந்தப் பக்கம் பாக்கற? ஜெயிச்சவ நீதானே" என்றார் லெனர்ட்.

"அந்த வெல்வெட்டு மெத்தை நான் தைச்சது லென். எனக்கு மட்டும் வலிக்காதா?"

அவர் ரம்பத்தை நிறுத்தினார். இவ்வளவு தெரிந்தும் ஏன் தைத்தாய் என்று கேட்டார். என்றைக்காவது ஒருநாள் நீயே வாயைத் திறந்து சொல்லிவிடுவாய் என்று பார்த்தேன் என்றாள் அவள். பிப்ரவரியில் கிட்டத்தட்ட சொல்லிவிட்டாய், ஆனால் பொத்தானில் போய் முடித்துவிட்டாய் என்றும் சொன்னாள்.

"நேரா கேட்டிருந்தா சரின்னு சொல்லியிருப்பியா?"

"மாட்டேன்னுதான் சொல்லியிருப்பேன். ஆனா இதை அறுக்க வேண்டி வந்திருக்காது. கடிதத்தை அன்னிக்கே எடுத்துக் குடுத்திருப்பேன். அஞ்சு அறையோடவே செஞ்சிருப்ப."

லெனர்ட் ரம்பத்தை மறுபடி எடுத்தார். மேற்கொண்டு அறுத்தார். நேராக அறுத்தார். என்ன இருந்தாலும் கை பழகிய கை. அறுத்த முனைக்குப் புதுச் சுவர் வைத்து, சக்கரத் தொகுதியை உள்ளே தள்ளி மாட்டி, வண்ணம் பூசி, கோடு போட மூன்று வாரம் ஆயிற்று. குட்டையான பெட்டி மூலையில் திரும்பிப் பார்த்தது. கல்லுக்கும் பெட்டிக்கும் நடுவே நாலு மில்லிமீட்டர் இடைவெளி. இந்த முறை அளந்த பிறகு சொன்னார்.

துண்டாக விழுந்த முதல் வகுப்பு அறை, மூன்று பெரிய ஜன்னலும் வெல்வெட்டு மெத்தையுமாக, அலமாரியின்மேல் உட்கார்ந்திருந்தது. பார்க்கும்போதெல்லாம் மனசு கஷ்டப்படுகிறது, எடுத்து ஒரு டப்பாவில் போட்டுவிடலாம் என்றார் லெனர்ட்.

"போடாதே" என்றாள் ஹில்டா. "அந்தக் கடிதத்துக்கு ரெண்டாவது தாள் ஒண்ணு இருக்கு."

அதே இழுப்பறை. அதே பழுப்பு உறை. லெனர்ட் நின்றுகொண்டே படித்தார். அறுத்து நீக்கிய அறையை, நல்லுறவின் அடையாளமாக, மிஸ் பின்னிங் அவர்களுக்கே அன்பளிப்பாகக் கொடுத்துவிடுவதென்றும், அவர் அதைத் தமது பூந்தோட்டத்தில், ரயில் பாதையைப் பார்த்தாற்போல, கோடைக்கால அறையாக வைத்துக்கொள்ள ஒப்புக்கொண்டிருக்கிறார் என்றும் கம்பெனிச் செயலாளர் எழுதியிருந்தார்.

"1912லயும் அது அங்கதான் இருந்திருக்கும்" என்றாள் ஹில்டா. "உன் சட்டப்படி வைக்காம விடக் கூடாது."

சொல்லிவிட்டு மண்கரண்டியை எடுத்துக்கொண்டு தோட்டத்துக்குப் போனாள். லெனர்ட் அறையைத் தூக்கிக்கொண்டு பின்னால் போனார். பியோனிச் செடிக்கு அடியில் ஒரு தட்டைக் கல்லைப் பதித்து, மூன்று ஜன்னலும் தண்டவாளத்தைப் பார்க்கும்படி அதை நிறுத்தினார்கள். கொஞ்சம் இடப்பக்கம் சாய்கிறது என்றாள் ஹில்டா. லெனர்ட் மண்டியிட்டு நீர்மட்டம் வைத்துச் சரிசெய்தார்.

ஜூன் மாதம் இரண்டாம் சனிக்கிழமை சங்கத்தின் கூட்டம் குரோப்பர் வீட்டில் நடந்தது. மற்ற ஆறு பேரும் தங்கள் தங்கள் ரயில்களைத் துணியில் சுற்றிக்கொண்டு வந்தார்கள். பியோனியில் பதினான்கு பூ. சங்கத்தில் ஒரு வழக்கம் இருந்தது. புதுப்பெட்டி முதல்முறை ஓடும்போது, வந்திருப்பவர்களில் ஆகச் சின்னக் குழந்தை ஒரு பொம்மையை முதல் பயணியாக ஏற்ற வேண்டும். எந்தப் பெட்டியில் ஏற்றுவது என்பது குழந்தையின் இஷ்டம். மூன்று வருடமாக ஆகச் சின்னக் குழந்தை குரோப்பரின் பேத்தி டாம்சின்தான். மூன்று வருடமும் அவள் தாத்தாவின் பெட்டியைத் திரும்பிப் பார்த்ததில்லை. ஒரு வருடம் யாரோ கொண்டுவந்த சரக்கு வண்டியில் ஏற்றினாள். இரண்டு வருடம் ட்விக்கின் நிலக்கரித் தொட்டியில்.

இந்த வருடம் லெனர்ட்டுக்கு நம்பிக்கை இருந்தது. நிலம் போனால் போகிறது, அறை போனால் போகிறது, முதல் பயணியாவது தன் பெட்டியில் ஏறட்டும் என்று முந்தின நாளே ஏழாம் எண் பெட்டியின் கூரையைக் கழற்றி மாட்டும்படி செய்துவைத்திருந்தார். ஹில்டாவும் அவர் பக்கம்தான். நீல மெத்தைகளைத் தூரிகையால் தட்டி வைத்தது அவள்தான்.

ரயில்கள் வரிசையாக நின்றன. ஏழாம் எண் பெட்டி முன்னால் நின்றது. லெனர்ட் தன் கையால் கூரையைத் திறந்துவைத்துக்கொண்டு முழங்காலில் உட்கார்ந்தார். ட்விக் விசிலை வாயருகே பிடித்துக்கொண்டு காத்திருந்தார். டாம்சினுக்கு ஆறு வயது. கையில் கட்டைவிரல் அளவுக் கம்பளி எலி ஒன்று வைத்திருந்தாள். பெட்டிக்குள் எட்டிப் பார்த்தாள். ஐந்து அறையையும் பார்த்தாள்.

பிறகு பாத்தியைச் சுற்றிக்கொண்டு போய், எலியைப் பியோனிக்கு அடியில் இருந்த அறையில் வைத்தாள்.